வீட்டில் தமிழ், வீதியில் கன்னடம், நோட்டில் ஆங்கிலம்
பிள்ளைகளின் படிப்புக்கு மைசூர்த் தமிழ்ப் பெற்றோர் என்ன செய்யலாம்?

மைசூர்:

இரவு எட்டு மணி. ஷிஃப்டு முடிந்து வந்த தகப்பன் கை கால் கழுவிக்கொண்டு சாப்பாட்டுக்கு உட்காருகிறார். மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகன் கன்னடப் பாடப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, “அப்பா, இதென்ன எழுத்து?” என்று கேட்கிறான். தகப்பனுக்கு அந்த எழுத்து தெரியாது. இந்த ஊருக்கு வந்து பதினைந்து வருஷமாகிறது. கன்னடத்தில் பேரம் பேசுவார், சண்டை போடுவார், கல்யாண வீட்டில் நலம் விசாரிப்பார். எழுதப் படிக்க மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. “நாளைக்கு உங்க மிஸ்ஸைக் கேளு” என்கிறார். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் நாள் பையன் கேட்பதை விட்டுவிடுகிறான்.

மண்டி மொஹல்லாவிலிருந்து அசோகபுரம் வரையில் தமிழ்க் குடும்பங்கள் குடியிருக்கும் தெருக்களில் இது புதிதான காட்சி அல்ல. பையனுக்கு ஓர் எழுத்து தெரியாமல் போனது பெரிய நஷ்டமில்லை. அடுத்த வாரம் பள்ளியில் தெரிந்துகொள்வான். கேட்பதை விட்டுவிட்டான் அல்லவா, அதுதான் நஷ்டம். “என் படிப்பு அப்பாவுக்குச் சம்பந்தமில்லாதது” என்று அந்த வயதிலேயே அவன் முடிவு கட்டிவிடுகிறான்.

அதன்பிறகு, மார்க் குறைந்து ரிப்போர்ட் கார்டு வந்ததும், வீட்டில் அவசரமாக இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, சக்திக்கு மீறிப் பணம் கட்டி டியூஷனுக்கு அனுப்புவது. மற்றொன்று, “வீட்டில் தமிழ் பேசுவதால்தான் பிள்ளைக்குக் குழப்பம்” என்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு, தெரிந்த அரைகுறை ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ பிள்ளையிடம் பேசத் தொடங்குவது. முதலாவது பலருக்குத் தேவையில்லாத செலவு. இரண்டாவது, கையிலிருக்கும் முதலையே தூக்கி எறிவதற்குச் சமம்.

மாடியில் ஆங்கிலம், கீழே தமிழ்

இதற்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டாம். மைசூரிலேயே ஒரு வீடு இருந்தது.

1929-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் தேதி மைசூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் ஏ. கே. ராமானுஜன். தகப்பனார் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். அந்த வீட்டில் மூன்று மொழிகளுக்கும் தனித்தனி இடம் உண்டு. மாடியில் தகப்பனாரின் படிப்பறையில் ஆங்கிலம். கீழே சமையலறையில் தாயாரிடம் தமிழ். வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினால் கன்னடம். பிள்ளைகள் மாடிப்படியில் ஏறி இறங்கும்போதெல்லாம் மொழியை மாற்றிக்கொண்டார்கள். சாப்பாட்டு வேளையில் வீட்டுப் பெரிய பெண்கள் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தார்கள்.

குழப்பம் வந்ததா? மரிமல்லப்பா பள்ளியிலும் மகாராஜா கல்லூரியிலும் படித்த ராமானுஜன், ஆங்கிலத்தில் கவிஞரானார். கன்னடத்திலும் கவிதை எழுதினார். கன்னட வீரசைவ வசனங்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1973-இல் வெளியிட்டார். சமையலறையில் காதில் விழுந்த கதைகள் வீணாகவில்லை. பிற்காலத்தில் நாட்டுப்புறக் கதைகளை ஆராய்வதையே தம் வாழ்நாள் வேலைகளில் ஒன்றாக ஆக்கிக்கொண்டார். 1976-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1993-இல் சிகாகோவில் காலமானார்.

அவர் வாழ்க்கையில் தமிழ்ப் பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒரு சம்பவம் உண்டு. பழந்தமிழ் இலக்கியத்தை அவர் இளமையில் கற்கவில்லை. 1962-இல், தமது 33-ஆம் வயதில், சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் தேடிக்கொண்டிருந்தபோது உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த குறுந்தொகை அவர் கண்ணில் பட்டது. ஐந்தே ஆண்டுகளில், 1967-இல், குறுந்தொகைப் பாடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு நூலாக வந்தது. உலகத்தின் பல மூலைகளில் சங்கப் பாடலை முதன்முதலாகப் பலர் அறிந்தது அந்த நூலால்தான். எழுத்தில் படிக்காத தமிழ், காதில் இருந்தது. காதில் இருந்ததால் திரும்பிப் போக வழி இருந்தது.

“அது பேராசிரியர் வீடு. மாடியும் படிப்பறையும் நமக்கு ஏது?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மாடியில் நடந்ததை ஒரு தொழிலாளி தம் வீட்டில் செய்ய இயலாதுதான். ஆனால் கீழே நடந்ததற்குப் படிப்பறை தேவைப்படவில்லை. பிள்ளையை உட்காரவைத்து, தனக்குத் தெரிந்த மொழியில், நிறையச் சொற்களோடு, முழு வாக்கியமாகப் பேசி ஒரு கதை சொன்னார்கள். அதை ஒற்றை அறை வீட்டிலும் செய்யலாம்.

கன்னடச் சிறுகதையின் தந்தை என்று கன்னடர்கள் கொண்டாடும் மாஸ்தி வெங்கடேச ஐயங்காரும் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர்தான். 1983-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது அவருக்குக் கிடைத்தது. வீட்டுத் தமிழ் கன்னடத்துக்கு எதிரி என்றால் இது எப்படி நடந்திருக்கும்?

மானசகங்கோத்ரியில் தெரிந்த விஷயம்

தாய்மொழியில் பேசி வளரும் குழந்தை மற்ற மொழிகளையும் நன்றாகக் கற்கும் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. யுனெஸ்கோ அமைப்பின் நிபுணர் குழு 1953-ஆம் ஆண்டு வெளியான அறிக்கையிலேயே தாய்மொழியில் கல்வியைத் தொடங்க வேண்டும் என்று வற்புறுத்தியது. நமது அரசியல் சட்டத்தில் 1956-இல் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், இயன்ற இடங்களில் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை வீட்டு மொழியே பயிற்று மொழியாக இருக்கட்டும் என்று கூறுகிறது.

இந்த விஷயங்களை ஆராய்வதற்கென்றே ஒரு மத்திய அரசு நிறுவனம் நம் ஊரில் இருக்கிறது. 1969-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் தேதி தொடங்கப்பட்ட இந்திய மொழிகளின் மத்திய நிறுவனம் மானசகங்கோத்ரியில் உள்ளது. அதன் முதல் இயக்குநர் டி. பி. பட்டநாயக், தாய்மொழிக் கல்வியையும் பன்மொழிச் சூழலையும் பற்றி 1981-இல் எழுதிய நூல் இத்துறையில் பெயர் பெற்றது. அந்த நிறுவனத்தின் தென் மண்டல மொழி மையத்துக்குப் பிற மாநில ஆசிரியர்கள் வந்து பத்து மாதம் தங்கித் தமிழ் கற்றுப் போகிறார்கள். அதே ஊரில் தமிழ்ப் பிள்ளைகள் பாட்டிக்கு நாலு வரி எழுதத் தெரியாமல் வளர்கிறார்கள் என்பது வருந்தத்தக்கது.

நடைமுறை என்னவென்றால், மைசூரில் பெரும்பாலான தமிழ்ப் பிள்ளைகள் படிப்பது கன்னட அல்லது ஆங்கில வழியில்தான். 2015-ஆம் ஆண்டின் சட்டப்படி கர்நாடகப் பள்ளிகளில் 1 முதல் 10-ஆம் வகுப்பு வரை கன்னடத்தை முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கற்க வேண்டும். இதில் மனத்தாங்கலுக்கு இடமில்லை. பிழைக்க வந்த ஊரின் மொழி பிள்ளைக்குச் சோறு போடும் மொழி. அதை அவன் நன்றாகக் கற்க வேண்டும். அதற்கு வீட்டுத் தமிழை எப்படிப் பயன்படுத்துவது என்பதே கேள்வி.

கூட்டி வாசிப்பது வேறு, படிப்பது வேறு

கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனை ‘அசர்’ என்னும் ஆய்வு 2005 முதல் நாடு முழுவதும் அளந்து வருகிறது. 2022-ஆம் ஆண்டு ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் ஏறத்தாழ 43 சதவீதம் பேரே. தாய்மொழியில் படிக்கும் பிள்ளைகளும் சேர்ந்துதான் இந்தக் கணக்கு. பள்ளிக்கு அனுப்பிவிட்டால் படிப்பு தானாக வந்துவிடும் என்று இருக்க முடியாது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. வேற்று மொழியில் படிக்கும் பிள்ளை சில சமயம் மடமடவென்று வாசித்துவிடும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் வாசித்தது என்ன என்று கேட்டால் விழிக்கும். எழுத்தைக் கூட்டத் தெரிந்திருக்கிறது, பொருள் ஏறவில்லை. ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியைக்கு இது தெரியாமல் போகலாம். கன்னடம் படிக்கத் தெரியாத பெற்றோரால் இதைக் கண்டுபிடிக்க முடியும். அதற்கு வழி இதுதான்:

தினமும் ஒரே நேரத்தில், சாப்பாட்டுக்குப் பின், டெலிவிஷனை அணைத்துவிட்டு, செல்போனைத் தள்ளி வைத்துவிட்டு, பதினைந்து நிமிஷம் பிள்ளையோடு உட்கார வேண்டும். பிள்ளை ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசிக்கட்டும். ஒரு சொல்லில் தடுக்கினால் உடனே அதட்டாமல் சற்றுப் பொறுக்க வேண்டும். பல சமயம் தானே சரிசெய்துகொள்ளும். முடியாவிட்டால் அந்தச் சொல்லுக்கு அடியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு மேலே போகலாம். மறுநாள் ஆசிரியையிடம் கேட்க வேண்டிய சொற்கள் அவை.

பக்கம் முடிந்ததும் புத்தகத்தை மூடச் சொல்லி, “இதில் என்ன வந்தது? எனக்குத் தமிழில் சொல்லு” என்று கேட்க வேண்டும். யார் வந்தார்கள், என்ன செய்தார்கள், ஏன் அப்படிச் செய்தார்கள் என்று தொடர்ந்து கேட்கலாம். தமிழில் சொல்ல முடிந்தால் பாடம் புரிந்திருக்கிறது. சொல்ல முடியாவிட்டால் நாளைக்கும் அதே பக்கம். ஆங்கிலப் பாடம், சமூக அறிவியல், விஞ்ஞானம் எல்லாவற்றுக்கும் இதே பரீட்சைதான்.

இதைச் செய்யப் பெற்றோருக்கு எழுத்தறிவே தேவையில்லை. காது கொடுத்துக் கேட்கிற பொறுமை இருந்தால் போதும். மேலும், ஒரு மொழியில் படித்ததை வேறொரு மொழியில் எடுத்துச் சொல்லும் பிள்ளை அதை மனப்பாடமாக ஒப்பிக்க முடியாது. யோசித்துத்தான் ஆக வேண்டும்.

பால் ‘ஹாலு’ ஆகும் கதை

தமிழ்ப் பிள்ளைக்குக் கன்னடம் அந்நிய மொழி அல்ல, ஒன்றுவிட்ட சகோதரம். இதை விளையாட்டாகவே காட்டலாம்.

தமிழில் பகரத்தில் தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் ‘ஹ’வில் தொடங்குகின்றன. பால் - ஹாலு. பல் - ஹல்லு. புலி - ஹுலி. பூ - ஹூவு. பாம்பு - ஹாவு. பசி - ஹசிவு. போ - ஹோகு. பத்து - ஹத்து. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழங்கன்னடத்தில் இவையும் பகரத்தில்தான் தொடங்கின. பின்னாளில் ஒலி மாறியது. தருமபுரி மாவட்டத்தில் நல்லம்பள்ளியும் மாரண்டஹள்ளியும் இருப்பது இதனால்தான்.

வகரத்தில் தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் பகரமாகும். ‘தம்பி’ என்னும்போது வரும் ‘பி’யைப் போல் மெலிந்து ஒலிக்கும் பகரம். வா - பா. வாய் - பாயி. வேர் - பேரு. வெல்லம் - பெல்ல. வெண்ணெய் - பெண்ணெ. வாழை - பாளெ.

‘ஐ’யில் முடியும் சொற்கள் பல ‘எ’யில் முடியும். தலை - தலெ. இலை - எலெ. மனை - மனெ. மழை - மளெ. தமிழின் ழகரம் இக்காலக் கன்னடத்தில் பெரும்பாலும் ளகரமாகிவிடும். கோழி ‘கோளி’, ஏழு ‘ஏளு’.

“நான் தமிழ் சொல்றேன், நீ கன்னடம் சொல்லு” என்று அம்மா சமைத்துக்கொண்டே கேட்கலாம். சித்தப்பாவும் அத்தையும் கூடச் சேர்ந்துகொள்ளலாம். எல்லாச் சொற்களும் இந்த வாய்பாட்டில் அடங்கா. அடங்காத சொல் வரும்போது பிள்ளையே வெற்றிக் கூச்சல் போட்டுத் திருத்தும். தனக்குத் தெரிந்த மொழியிலிருந்து தெரியாத மொழிக்குப் பாலம் இருக்கிறது என்று பிள்ளைக்குப் புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

கிளி ‘கிளி’ அல்ல

தமிழ்ப் பிள்ளைகள் கன்னட டிக்டேஷனில் தவறுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தமிழில் ‘க’ என்று ஓர் எழுத்துத்தான். ‘கல்’ என்னும்போது ஓர் ஒலி, ‘தங்கம்’ என்னும்போது வேறோர் ஒலி. எழுதுவது ஒரே எழுத்து. கன்னடத்தில் அந்த இடத்தில் நான்கு எழுத்துகள் உண்டு. ச, ட, த, ப ஆகியவற்றுக்கும் அப்படியே. கன்னட எழுத்துகள் மொத்தம் 49. உயிர் 13, மெய் 34, யோகவாகம் 2.

கிளியைக் கன்னடத்திலும் கிளி என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் ‘தங்க’த்தில் வரும் மெலிந்த ககரத்தில் தொடங்க வேண்டும். தமிழ்ப் பிள்ளை வல்லெழுத்தைப் போட்டுவிடும். ‘தன’ என்பதை மெலிந்த தகரத்தில் சொன்னால் மாடு. அதையே மூச்சுச் சேர்த்துச் சொன்னால் செல்வம். எழுத்து மாறினால் செல்வம் மாடாகிவிடும்! (பழந்தமிழில் ‘மாடு’ என்றாலே செல்வம் என்றும் பொருள் உண்டு என்பது வேறு விஷயம்.)

பிள்ளை மக்கு என்பதால் இந்தப் பிழை வருவதில்லை. காது பழகவில்லை, அவ்வளவுதான். வீட்டில் பழக்க இரண்டு சுலபமான வழிகள் உண்டு. கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு சொன்னால், மெலிந்த ஒலிக்குத் தொண்டையில் அதிர்வு தெரியும். வல்லொலிக்கு அப்படித் தெரியாது. வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னால், மூச்சு சேர்ந்த எழுத்துக்குக் காகிதம் நன்றாக அசையும். மற்றதற்கு அவ்வளவு அசையாது. ஒரு வாரம் விளையாடினால் பிள்ளைக்கு வேறுபாடு பிடிபடத் தொடங்கும்.

அப்பாவுக்குப் பிள்ளையே வாத்தியார்

முதலில் சொன்ன தகப்பன் இன்னொன்றும் செய்யலாம். “எனக்கு இந்த எழுத்து தெரியாது, நீ கற்றுக்கொண்டு வந்து எனக்குச் சொல்லிக் கொடு” என்று சொல்லலாம். வெட்கப்பட வேண்டியதில்லை. பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் எவருக்கும் பாடம் உறுதிப்படுகிறது. தினம் ஓர் எழுத்து என்றால் இரண்டு மாதத்துக்குள் தகப்பனுக்குக் கன்னட நெடுங்கணக்கு முடிந்துவிடும். ஆஸ்பத்திரிச் சீட்டும் மின்சார பில்லும் படிக்க இன்னொருவரிடம் போக வேண்டாம்.

பதிலுக்குத் தகப்பன் பிள்ளைக்குத் தமிழ் எழுத்தைச் சொல்லித் தரலாம். 247 எழுத்து என்றதும் மலைக்க வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மற்ற 216 உயிர்மெய்யும் இவற்றின் சேர்க்கை. கன்னடத்தில் ‘காகுணித’ எழுதிப் பழகிய பிள்ளைக்கு இந்த முறை ஏற்கெனவே தெரியும். கால், கொம்பு, சுழி போடும் இடத்தைக் காட்டினால் போதும். உகர, ஊகார வரிசைகள் மட்டும் எழுத்துக்கு எழுத்து உருவம் மாறுவதால் தனியாகப் பழக வேண்டும். ட, ப, ம போன்ற சுலபமான வடிவங்களில் தொடங்கி, இரண்டாம் நாளே ‘படம்’ என்று எழுதவைத்துவிட்டால் பிள்ளைக்கு உற்சாகம் வந்துவிடும்.

தேவராஜா மார்க்கெட்டுக்குப் போகும்போது கடைப் பலகையைக் கன்னடத்தில் வாசிக்கச் சொல்லலாம். நகரப் பேருந்து வரும்போது ஊர்ப்பெயரை முதலில் வாசிப்பவருக்கு ஜன்னலோர இடம் என்று பந்தயம் கட்டலாம். மளிகைச் சாமான் பட்டியலைப் பிள்ளையே தமிழில் எழுதட்டும். ஊரிலுள்ள தாத்தாவுக்கு மாதம் ஒரு கடிதம். செய்தித்தாளின் தலைப்புகளை அப்பாவுக்கு வாசித்துக் காட்டட்டும். நான்கு வீட்டுப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டுத் திண்ணையில் கூடினால் அதுவே பள்ளிக்கூடம்.

தேர்வில் தவறியவர் பேசிய பேச்சு

வீட்டுப் படிப்பைக் கெடுப்பது பெரும்பாலும் மூன்று: அடி, ஏச்சு, அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பீடு. பயந்த பிள்ளை வாய்விட்டு வாசிக்காது. வாய்விட்டு வாசிக்காத பிள்ளையின் தவறு எங்கே என்று யாருக்கும் தெரியாது.

இங்கே இன்னொரு மைசூர்த் தமிழரை நினைவுகூரலாம். நாவலாசிரியர் ஆர். கே. நாராயண் சிறுவயதில் சென்னையில் பாட்டியிடம் வளர்ந்தவர். கணக்கும் புராணமும் அவருக்குப் பாட்டி வீட்டிலேயே கற்பித்தார். பின்னர் தகப்பனார் தலைமையாசிரியராக இருந்த மைசூருக்கு வந்து படித்தார். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் அவர் தவறியது உண்டு. அந்த ஓராண்டைப் புத்தகங்களைப் படிப்பதிலும் எழுதிப் பார்ப்பதிலும் கழித்தார். பின்னர் மாநிலங்களவை உறுப்பினராக 1986 முதல் 1992 வரை இருந்தபோது, குழந்தைகளின் புத்தக மூட்டைச் சுமையைப் பற்றி அவர் பேசிய பேச்சு நாடு முழுவதும் பேசப்பட்டது. சுமையைக் குறைக்க வழி காண 1992-இல் யஷ்பால் குழு அமைக்கப்பட்டது. 1993-இல் அறிக்கை தந்தது. பாடம் நிறைய இருப்பதைவிட, பாடம் புரியாமல் இருப்பதே பெரிய சுமை என்பது அந்த அறிக்கையின் சாரம். எட்டு மணி நேரம் பள்ளி, இரண்டு மணி நேரம் டியூஷன் என்று அலையும் பிள்ளைக்கு இது இன்றும் பொருந்தும்.

எவ்வளவு முயன்றும் வராவிட்டால்?

சில பிள்ளைகள் புத்திசாலியாகப் பேசும். எழுத்தைக் கண்டால் மட்டும் தடுமாறும். எழுத்துகளை முன்பின்னாக மாற்றும். நேற்றுப் படித்த சொல்லை இன்று புதிதாகப் பார்க்கும். இது சோம்பேறித்தனம் அல்ல. கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையும் அங்கீகரித்திருக்கிறது. சில பிள்ளைகளுக்குக் காது சரியாகக் கேட்காமலோ கண் சரியாகத் தெரியாமலோ இருக்கலாம். அதை அதற்குச் சொல்லத் தெரியாது.

இத்தகைய பிள்ளைகளைப் பரிசோதிக்க நாட்டின் பல பாகங்களிலிருந்து மைசூருக்கு வருகிறார்கள். அகில இந்திய பேச்சு, கேட்பியல் நிறுவனம் மானசகங்கோத்ரியில்தான் இருக்கிறது. மத்திய சுகாதார அமைச்சகத்தைச் சேர்ந்த நிறுவனம். வீட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு பிள்ளையை அடித்துக்கொண்டிருப்பது பாவம். ஆனால், பேசும்போது தமிழும் கன்னடமும் கலந்து பேசுகிறது என்பதற்காக மட்டும் பயப்பட வேண்டாம். இரு மொழியில் வளரும் குழந்தைக்கு அது இயல்பு, நாளடைவில் பிரித்துக்கொள்ளும்.

புத்தகத்துக்கு எங்கே போவது?

காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டு அரசின் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2001-இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளிநாட்டு, வெளிமாநிலத் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே தொடக்கப் பாடங்களை வைத்திருக்கிறது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ என்னும் இணையதளத்தில் படக் கதைகள் இலவசம். பல கதைகள் தமிழிலும் கன்னடத்திலும் கிடைக்கும். ஒரே கதையை இன்று தமிழில் அம்மா வாசிக்க, நாளை கன்னடத்தில் பிள்ளை வாசிக்கலாம். கதை முன்பே தெரிந்திருப்பதால் கன்னடச் சொற்கள் தாமாகவே பிடிபடும். செல்போன் பிள்ளையின் கையில் தனியாக இல்லாமல் பெற்றோரின் மடியில் இருப்பது நல்லது.

மைசூர் ராஜீவ் நகரில் சையத் இசாக் என்ற தொழிலாளி இருக்கிறார். பள்ளிப் படிப்பு கிடைக்காதவர். பாதாளச் சாக்கடை வேலை உட்படக் கிடைத்த கூலி வேலையெல்லாம் செய்தவர். தனக்குக் கிடைக்காதது மற்றவருக்குக் கிடைக்கட்டும் என்று 2011-இல் ஒரு கொட்டகையில் பொது நூலகம் தொடங்கினார். சுமார் 11,000 நூல்கள் சேர்ந்தன, பெரும்பாலானவை கன்னடம். தம் கூலியிலிருந்து அவர் வாங்கிப் போட்ட பத்திரிகைகளில் தமிழ்ப் பத்திரிகையும் உண்டு. 2021 ஏப்ரலில் நூலகம் தீயில் எரிந்துபோனது. செய்தி பரவியதும் நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் நன்கொடையும் புத்தகங்களும் வரத் தொடங்கின. மீண்டும் நூலகம் அமைப்பேன் என்றார் அவர்.

படிக்கத் தெரியாத ஒருவர் ஒரு பேட்டைக்கே படிப்பு வாசனை காட்ட முடிந்திருக்கிறது. நம் வீட்டில் இருப்பது ஒன்றிரண்டு பிள்ளைகள்தாம்.

இன்று இரவு எட்டு மணிக்கு மகனோ மகளோ புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து “அப்பா, இதென்ன எழுத்து?” என்று கேட்டால், தெரியாது என்பதைத் தெரியாது என்றே சொல்லிவிடலாம். சொல்லிவிட்டு, “உட்காரு, அதுக்கு முன்னாடி இருக்கிறதை வாசி, கேட்கிறேன்” என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். நாளைக்கும் பிள்ளை புத்தகத்தோடு வரும்.